கைபர்டாய் இல்லை, கீபர்த்தை: தமிழில் உலகச் செய்தி சொல்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களே, யூடியூபில் உலக அரசியல் பேசும் நண்பர்களே,

வணக்கம். போன வாரம் வந்த அந்தக் காணொளி எதுவென்று உங்களுக்கே தெரியும், பெயர் வேண்டாம். "மூன்றாம் உலகப் போர் தொடங்கப்போகும் ஊர்" என்று தலைப்பு. லித்துவேனியாவின் ஓரத்தில், ரஷ்யாவிலிருந்து பிரிந்து தனியாகக் கிடக்கும் ரஷ்யப் பகுதியான கலினின்கிராடை ஒட்டி, ஒரு சிவப்பு வட்டம். ஊரின் பெயரை 'கைபர்டாய்' என்று வாசித்தார்கள். கைபர் கணவாய்க்குத் தம்பியோ என்று ஒரு நிமிடம் குழம்பினேன். ஐயா, அது கீபர்த்தை.

நான் வேலை பார்ப்பது அதே லித்துவேனியாவின் கௌனாஸ் நகரில். கும்பகோணத்தில் இருக்கும் என் அம்மா காலை 5 மணிக்கு அடுப்பில் பாலை வைத்துவிட்டு உங்கள் காணொளியைப் பார்த்திருக்கிறார். இங்கே அப்போது ராத்திரி இரண்டரை. "உன் ஊருக்கும் அதுக்கும் எவ்வளவு தூரம்ப்பா?" ஏறக்குறைய 90 கிலோமீட்டர் என்றேன். "நம்ம வீட்டுலேருந்து திருச்சி தூரம்தானே! கிளம்பி வந்துடு." பால் பொங்கி அடுப்பில் வழிகிற சத்தம் போனில் கேட்டது, அவர் அதைக் கவனிக்கவே இல்லை. காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் 'கைபர்டாய்' என்று எழுதிவைத்துக்கொண்டு, அன்றிலிருந்து தினமும் அதே நேரத்துக்குக் கூப்பிடுகிறார். "அந்த ஊர்ல இன்னிக்கு ஒண்ணும் இல்லையே?"

என் கோரிக்கை ஒன்றுதான். அடுத்த முறை வட்டம் போடும்போது, அந்த ஊரின் வரலாற்றை ஒரு பத்தியாவது சொல்லுங்கள். அப்புறம் பீரங்கிப் படத்தைக் காட்டுங்கள்.

அந்த ஊரை ஊராக்கியதே தண்டவாளம்தான். 1860-களின் தொடக்கத்தில் ரஷ்ய ஜார் ஆட்சியின் ரயில்பாதை இங்கே வந்து, ஜெர்மன் அரசான பிரஷ்யாவின் பாதையைத் தொட்டது. தொட்டதே தவிர, சேரவில்லை. அந்தப் பக்கம் தண்டவாளங்களுக்கு நடுவே 1435 மில்லிமீட்டர், இந்தப் பக்கம் 1524. ஒன்பது சென்டிமீட்டர்கூட இல்லாத அந்த வித்தியாசத்தால் பெர்லினுக்கும் பீட்டர்ஸ்பர்க்குக்கும் போகிறவர்கள் எல்லாரும் எல்லையில் இறங்கி, பெட்டியைத் திறந்து காட்டி, பாஸ்போர்ட்டை நீட்டி, வேறு ரயில் ஏறவேண்டியிருந்தது. சுங்கக்காரர், சுமை தூக்குபவர், தரகர் என்று ஊர் வளர்ந்தது. இதில் ஒரு வேடிக்கை, நிலையத்துக்கு வைத்த பெயர் சில கிலோமீட்டர் தள்ளியிருந்த விர்பாலிஸ் என்ற ஊருடையது. ஆக, பெயரில் ஏமாறுவது கீபர்த்தைக்குப் புதிதல்ல.

1860-ல் ஓவியர் இசாக் லெவித்தான் பிறந்தது இங்கேதான். போலந்தின் வார்சா பில்ஹார்மோனிக் இசைக்குழுவின் முதல் இயக்குநர் எமில் ம்வினார்ஸ்கி பிறந்ததும் இங்கேதான், 1870-ல்.

லியபோனா என்ற ஓடைதான் எல்லை; அன்று அக்கரையில் ஜெர்மனி, இன்று கலினின்கிராட். நம் ஊர் வாய்க்காலை நினைத்துக்கொள்ளுங்கள். 1940 ஜூன் 15, சோவியத் படை நாட்டுக்குள் வந்துகொண்டிருந்த இரவில், லித்துவேனிய அதிபர் அந்தானாஸ் ஸ்மெதோனா இந்த ஓடையைத் தாண்டித்தான் ஜெர்மனிக்குள் போனார். எல்லைக் காவலர்கள் முறையான வழியில் விடவில்லை. ஒரு குடியரசின் தலைவர் இருட்டில் தண்ணீரில் இறங்கிய இடம் அது. உங்களுக்குப் பரபரப்புதானே வேண்டும்? இதைவிடவா? மறு ஆண்டு கோடையில் ஜெர்மானியப் படை வந்தபின் ஊரின் யூதர்கள் கொல்லப்பட்டார்கள். லெவித்தான் பிறந்த சமூகமே அங்கே இல்லாமல் போனது.

2022 ஜூனில் கலினின்கிராடுக்குப் போகும் ரயில் சரக்கில், ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்யாமீது போட்ட தடைப்பட்டியலில் இருந்த பொருள்களை லித்துவேனியா நிறுத்தியபோது எல்லாரும் வட்டம் போட்டீர்கள். அடுத்த மாதமே, ரயிலில் கொண்டுபோகலாம் என்று ஐரோப்பிய ஆணையம் விளக்கம் கொடுத்ததே, அதற்கு ஏன் வட்டம் இல்லை? பெலாரூஸ் வழியாக வந்த அகதிகளை 2021-லிருந்து இதே கீபர்த்தையில், சிறையாக இருந்த கட்டடத்தில் அடைத்து வைத்தார்களே, அப்போது உங்கள் வரைபடம் தொலைந்துபோயிருந்ததா? வெளிநாட்டுத் தளத்தில் வந்ததை மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு, உறுமல் சத்தம் சேர்த்து, "நண்பர்களே, பெல் பட்டனை அழுத்துங்கள்" என்பதற்கு உலகச் செய்தி என்று பெயர். சரி, கோபத்தில் எங்கேயோ போகிறேன். மன்னிக்கவும்.

வரலாறு சொன்னால் அம்மாவின் பயம் போய்விடும் என்று நான் சொல்ல வரவில்லை. பயப்படக் காரணமும் அந்த வரலாற்றிலேயே இருக்கிறது. ஆனால் ஓர் ஊருக்காகப் பயப்படுகிறவர் லெவித்தானைப் பற்றியும் கேட்பார், ஓடையைப் பற்றியும் கேட்பார். வட்டத்துக்காகப் பயப்படுகிறவர் ராத்திரி இரண்டரைக்குப் போன் செய்வார்.

எனவே தயவுசெய்து ஒரு பத்தி. ஒரு நிமிடக் காணொளி என்றால் பத்து வினாடி. முடிந்தால், பெயரைத் திருத்தி ஒரு வரியாவது போடுங்கள். அம்மா நான் சொன்னால் நம்பமாட்டார். காணொளியில் வந்தால் அந்தக் காலண்டர் தாளில் அடித்துவிட்டுத் திருத்தி எழுதிக்கொள்வார்.

இப்படிக்கு,
கௌனாஸிலிருந்து உங்கள் பார்வையாளன் ஒருவன்