என் பதில் நின்னுகோரி

தேவிபட்டினம்
ஆடி முதல் வாரம்

மாப்ளே,

கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் போகத் தொடங்கிவிட்டன. ஆனால் கச்சான் காற்று சும்மா விடுவதில்லை, பல நாள் கரையிலேயே கிடக்கின்றன. மற்றபடி எல்லாரும் நலம். பேத்தி பாட்டு வகுப்பில் கீதம் எல்லாம் முடித்து வர்ணத்துக்கு வந்துவிட்டாள். அதனால்தான் உன் கேள்விக்கு உடனே பதில் எழுதத் தோன்றியது.

கர்நாடக சங்கீதத்தில் பிடித்த பாட்டாக ஒரே ஒரு உருப்படி சொல், அது ஏன் பிடிக்கிறது என்றும் சொல் என்று கேட்டிருக்கிறாய். உன்னுடையது 'அக்ஷயலிங்க விபோ' என்று எழுதியிருக்கிறாய். அதை நான் மறுக்கவே மாட்டேன். கீழ்வேளூர் சிவனை முத்துசுவாமி தீட்சிதர் சங்கராபரண ராகத்தில் அவ்வளவு நிதானமாகக் கட்டியிருக்கிறார், மிஸ்ர சாபு தாளத்தின் ஏழு எண்ணிக்கையும் அவசரமில்லாமல் நகர்கிறது. கேட்கக் கேட்கத்தான் அது பிடிபடும் என்று நீ எழுதியிருப்பதும் சரி.

நான் இந்தக் கரைக்காரன் என்பதால் 'ராமநாதம் பஜேஹம்' என்பேன் என்று நீ நினைத்திருக்கலாம். அதுவும் எனக்கு உயிர்தான். ராமேஸ்வரம் ராமநாதசுவாமி மேல் தீட்சிதர் பாடியது. அதன் ராகத்துக்குக் காசிராமக்ரியா என்பது அவர் வழியில் உள்ள பெயர், இன்றைக்குப் பெரும்பாலும் பந்துவராளி, காமவர்த்தனி என்கிறோம். அந்த ராகத்தின் வலி எங்கிருந்து வருகிறது என்று பாடிப் பார்த்தால் தெரியும். பஞ்சமத்துக்கு (ப) கீழே பிரதி மத்யமமும் (ம) மேலே சுத்த தைவதமும் (த) ஒட்டி நிற்கின்றன. ஷட்ஜத்துக்கும் (ச) அப்படித்தான், கீழே காகலி நிஷாதம் (நி), மேலே சுத்த ரிஷபம் (ரி). இளைப்பாறும் இரண்டு இடங்களிலும் இரண்டு பக்கமும் நெருக்கம். அதனால் குரல் எங்கே உட்கார்ந்தாலும் உடனே எழுந்துவிடத் துடிக்கிறது. சாயங்காலம் அதைக் கேட்டால் எனக்கு வேறு வேலை ஓடாது.

ஆனாலும் ஒன்றே ஒன்று என்றால் என் பதில் நின்னுகோரி. மோகன ராகத்து வர்ணம். கச்சேரியின் தொடக்கத்தில் பாடும் வர்ணத்தைப் போய் யாராவது பிடித்த உருப்படி என்பார்களா என்று நீ கேட்பாய். நான் சொல்கிறேன். கச்சேரியில் ஜனங்கள் நாற்காலியைத் தேடி உட்காரும் நேரத்தில் பாடி முடித்துவிடுகிறார்கள் என்பதற்காக அது சின்ன விஷயம் ஆகிவிடாது.

அது நம் ஊர்ச் சொத்து என்பது ஒரு பக்கம். அதை இயற்றிய பூச்சி ஸ்ரீனிவாச ஐயங்கார் 1860ல் ராமநாதபுரத்தில் பிறந்தவர், பட்டணம் சுப்பிரமணிய ஐயரின் சீடர், சேதுபதி சமஸ்தானத்தின் ஆதரவில் வளர்ந்தவர். அவரிடம் படித்த அரியக்குடி ராமானுஜ ஐயங்கார்தான், வர்ணத்தில் தொடங்கி வரிசையாகப் போகும் இன்றைய கச்சேரி முறையை நிலைக்க வைத்தார். தமிழ்நாட்டில் பாட்டு கற்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் எப்போதோ ஒரு நாள் ராமநாதபுரத்துக்காரர் ஒருவரின் மெட்டைப் பாடியே தீருகிறார்கள். இது நம் ஊரிலேயே பலருக்குத் தெரியாது. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

ஊர்ப் பாசம் மட்டும் காரணமில்லை. மோகனத்தில் மத்யமமும் நிஷாதமும் கிடையாது. ச ரி க ப த, அவ்வளவுதான். பந்துவராளியில் சொன்ன நெருக்கம் இதில் எங்குமே இல்லை. எந்த ஸ்வரமும் பக்கத்து ஸ்வரத்தை இடிப்பதில்லை, எல்லாவற்றுக்கும் நடுவே காற்றோட்டமான இடம் இருக்கிறது. அதனால்தான் எட்டு வயதுக் குழந்தை பாடினாலும் அது மோகனமாகக் கேட்கிறது. சிலப்பதிகாரம் சொல்லும் முல்லைத் தீம்பாணி இதுதான் என்று இசை ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். தியாகையரும் 'நனு பாலிம்ப'வுக்கு இதைத்தான் எடுத்தார். என்னைக் காக்க நடந்தே வந்தாயோ என்று ராமனைக் கேட்கும் பாட்டு. அவருடைய சீடர் வாலாஜாபேட்டை வெங்கடரமண பாகவதர், குருவின் மகள் கல்யாணத்துக்கு ராமர் படத்தைச் சுமந்து நடந்து வந்தபோது பிறந்தது என்று சொல்வார்கள். அப்படிப்பட்ட சந்தோஷத்துக்கு இந்த ராகம்தான் பொருந்தும்.

வர்ணத்தில் சொற்கள் மிகக் குறைவு. உன்னையே விரும்பி இருக்கிறேன், அகில உலக நாயகனே என்பதுதான் பல்லவி. அந்தக் கொஞ்சம் சொற்களை வைத்துக்கொண்டு ராகம் முழுவதையும் சுற்றி வர வேண்டும். ஒரு எழுத்து எத்தனை ஸ்வரத்தைத் தாங்கும் என்பது அதில்தான் புரியும். கேணிக்கரையில் நம் வாத்தியார் அந்தக் காந்தார (க) ஸ்வரத்திலேயே நம்மைப் பிடித்து நிறுத்துவாரே, நினைவிருக்கிறதா? உனக்குக் குரல் தானாக நின்றது. நான் பாடுபட்டுத்தான் நிறுத்தினேன். அப்புறம் இரண்டாம் காலம். தாளம் அப்படியே இருக்க, பாட்டு மட்டும் இரட்டிப்பு வேகத்தில் போகும்போது முதல் தடவையாக நானும் ஒரு பாட்டுக்காரன் என்று தோன்றியது. சரணத்தில் எத்துகடை ஸ்வரங்கள் என்னும் ஸ்வரத் தொகுதிகள் ஒன்றைவிட ஒன்று பெரிதாக வளர்ந்து, ஒவ்வொன்றும் சரியாகச் சரண வரிக்கே வந்து விழும். அந்த இடம் எனக்கு இன்றும் அலுக்கவில்லை.

ஜனங்கள் ஒரு உருப்படியை ஏன் நேசிக்கிறார்கள் என்பதற்கு நான் கண்ட காரணம் இதுதான். தன் தொண்டையில் ஒரு முறையாவது அது நின்றிருக்க வேண்டும், அல்லது தினமும் காதில் விழுந்து பழகியிருக்க வேண்டும். அருமையான கீர்த்தனை என்று ஒருவர் சொன்னதற்காக யாரும் எதையும் நேசிப்பதில்லை. எதிர்வீட்டுக்காரர் காலையில் திண்ணையில் வலையைச் சரிசெய்துகொண்டிருப்பார். சங்கீதம் படித்தவரில்லை, ராகப் பெயர் ஒன்றும் தெரியாது. போன வாரம் பேத்தியைக் கூப்பிட்டு, "பாப்பா, இன்னைக்கு நடுவுல ஒரு வரிய விட்டுட்டியே" என்றார். உண்மையாகவே விட்டிருந்தாள். சரணத்துக்கு முன்னால் வரும் முக்தாயி ஸ்வரத்தில் ஒரு ஆவர்த்தனம், அதாவது ஒரு தாளச் சுற்று. அவருக்கும் அது சொந்தமாகிவிட்டது, பார்.

பெரிய உருப்படிகளை நான் குறைத்துச் சொல்லவில்லை. ராம்நாட் கிருஷ்ணன் பாடிய பதிவுகளை இப்போதெல்லாம் ராத்திரியில் கேட்கிறேன். சங்கரசிவம் அவர்களிடம் பயின்று, 1967ல் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் பாடம் சொல்லப் போனவர். சத்தமே போடாமல் எவ்வளவு ஆழத்துக்குப் போகிறார்! அந்த ஆழத்துக்குப் போகும் தெம்பு எல்லாருக்கும் வர்ணத்தில்தான் கிடைக்கிறது என்பது என் கட்சி.

சரி, நீ எழுதாமல் விட்டது ஒன்று இருக்கிறது. 'அக்ஷயலிங்க விபோ' யார் பாடிக் கேட்கிறாய்? பதிவு இருந்தால் மகனிடம் சொல்லி என் செல்போனுக்கு அனுப்பச் சொல். நவராத்திரிக்கு இரண்டு பேரும் கிளம்பி வாருங்கள், அரண்மனை ராஜராஜேஸ்வரி அம்மன் கோயிலுக்குச் சேர்ந்து போகலாம். ராமநாதபுரத்தில் இறங்கினால் போதும், ஸ்டேஷனுக்கு நானே வருகிறேன். தங்கச்சியைப் படி ஏற விடாதே, எங்கள் வீட்டில் கீழேயே அறை இருக்கிறது.

அன்புடன்,
உன் மச்சான்