சுட வேண்டாம் என்றவர்

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நீ ராணுவத்தை விட்டு வெளியுறவுப் பணிக்குப் போனதைப் பற்றி உன் மாமா மறுபடியும் பேச்செடுத்தார். "சீருடையைக் கழற்றிவிட்டு விருந்துக்குப் போகிற வேலையா?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவருக்குச் சொன்னதையே உனக்கும் எழுதுகிறேன்.

புரூஸ் லெயிங்கன் என்று ஓர் அமெரிக்கர். இரண்டாம் உலகப் போரில் கடற்படை அதிகாரியாகப் பிலிப்பைன்ஸில் இருந்தவர், பிறகு தூதரகப் பணிக்கு வந்தார். 1979இல் ஈரானில் புரட்சி நடந்த சில மாதங்களில் தெஹ்ரான் தூதரகப் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. நாட்டைவிட்டுப் போன மன்னர் ஷாவை அவசரப்பட்டு அமெரிக்காவுக்குள் விட்டால் வம்பு வரும் என்று அவர் முன்பே வாஷிங்டனை எச்சரித்திருந்தார். அக்டோபரில் சிகிச்சைக்கென்று ஷாவை அனுமதித்தார்கள். அந்தக் கோபத்தில் நவம்பர் 4 அன்று ஈரானிய மாணவர்கள் தூதரகத்துக்குள் புகுந்து, உள்ளே இருந்தவர்களைப் பிணை பிடித்துவிட்டார்கள்.

அந்த நேரம் லெயிங்கன் இரண்டு சகாக்களோடு ஈரான் வெளியுறவு அமைச்சகத்தில் இருந்தார். தூதரகத்தில் காவலுக்கு இருந்த மரீன் என்னும் அமெரிக்கப் படை வீரர்கள் கையில் துப்பாக்கியோடு நின்றார்கள். சுடக் கூடாது என்று அங்கிருந்தே உத்தரவு கொடுத்தார். நானும் காவலுக்கு நின்றவன். கூட்டம் வாசலை முட்டும்போது கையில் ஆயுதம் இருந்தும் சுடாமல் நிற்பது எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியும். ஒரு குண்டு வெடித்திருந்தால் உள்ளே இருந்தவர்கள் கதி என்ன ஆகியிருக்கும்? 444 நாள் பிணையாக இருந்த 52 பேரும் 1981 ஜனவரி 20 அன்று உயிரோடு விடுதலையானார்கள். அதற்கு முதல் காரணம் அந்த உத்தரவுதான் என்பேன்.

அவர்கள் மூவரையும் அமைச்சகத்திலேயே அடைத்து வைத்தார்கள். கம்பளம் விரித்த வரவேற்புக் கூடம், படுக்க சோபா. தன் ஆட்களைக் கண்ணைக் கட்டி இழுத்துப் போயிருக்க, தான் மட்டும் அங்கே இருப்பது ஒரு தலைவனை எப்படி அரித்திருக்கும்! எல்லாவற்றையும் ரகசியமாக நாட்குறிப்பில் எழுதி வந்தார். கடைசிச் சில வாரங்கள் அவருக்கும் தனிச்சிறைதான்.

அமெரிக்காவில் அவர் மனைவி பென்னி, கணவர் திரும்பி வரக் காத்திருப்பதன் அடையாளமாக, வீட்டு ஓக் மரத்தில் மஞ்சள் நாடா கட்டினார். அதைப் பார்த்து நாடே கட்டியது. உன் அம்மா இந்த இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் எல்லையில் இருந்த வருஷங்களில் அவள் பட்டது அவளுக்குத்தானே தெரியும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஈரானோடு பேச வேண்டும், உறவைச் சீராக்க வேண்டும் என்று 2019இல் 96 வயதில் இறக்கும்வரை வாதாடியவர் லெயிங்கன். உன் மாமா அதற்குப் பதில் சொல்லவில்லை.

இன்னொன்று. லெயிங்கனோடு இருந்த விக்டர் டாம்செத்துக்குத் தாய்லாந்து மொழி தெரியும். ஐந்து அமெரிக்கர்கள் தூதரகத்திலிருந்து தப்பி வெளியே தவித்தார்கள். டாம்செத் ஒரு தாய்லாந்துச் சமையல்காரரைத் தொலைபேசியில் பிடித்து, ஒட்டுக் கேட்பவர்களுக்குப் புரியாதபடி அந்த மொழியிலேயே பேசி, அவர்களுக்கு ஒளிய இடம் தேடித் தந்தார். பிறகு கனடா தூதரகத்தார் அவர்களைக் காப்பாற்றி அனுப்பினார்கள். ஆகவே நீ இருக்கும் ஊரில் சமையல்காரர், ஓட்டுநர், வாசல் காவலர் எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடு, அவர்கள் மொழியைக் கற்றுக்கொள். அம்மாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு. போனில் பேசுவது அவளுக்குப் போதவில்லை.

அன்புடன்,
அப்பா