ஆய்வின் முடிவை எங்களுக்கும் சொல்லுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

அம்மாவுக்குக் கனகாலமாகச் சீனி வருத்தம். கிளினிக்குக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போவேன். போன வருடம் அங்கே ஒரு மருத்துவ மாணவி படிவத்தோடு வந்து, வாங்கில் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து, நல்ல பொறுமையாகக் கேள்வி கேட்டார். காலில் விறைப்பு இருக்கா, புண் வந்தால் ஆறச் சுணங்குமா, கோயிலில் வெறுங்காலோடு எவ்வளவு தூரம் நடப்பீங்க என்றெல்லாம். அப்புறம் ஒரு மெல்லிய நைலோன் நூலால் பாதத்தில் அங்கங்கே தொட்டு "தெரியுதா அம்மா?" என்றார். பெருவிரலடியில் தொட்டது அம்மாவுக்குத் தெரியவேயில்லை. கையொப்பம் வாங்கிக்கொண்டு போனார், அதோடு சரி. அந்த ஆய்வில் என்ன தெரியவந்தது என்று இன்றுவரை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

அந்தப் பிள்ளையில் எனக்குக் கோபமில்லை. இப்படியான ஆய்வுகள் இன்னும் நிறைய நடக்க வேண்டும். ஆனால் முடிவு யாருக்குப் போகிறது? ஆங்கிலத்தில் ஒரு கட்டுரையாக வரும், மாணவருக்குப் புள்ளி கிடைக்கும். கால் உணர்ச்சி குறைந்தவர்கள் மத்தியான வெயிலில் கோணேசர் கோயில் மலையில் வெறுங்காலோடு நடந்தால் பாதம் வெந்தாலும் தெரியாது, கொப்புளம் புண்ணாகி விரலை எடுக்கும் அளவுக்கும் போகலாம். இது முதலில் தெரியவேண்டியது அந்த வாங்கில் இருக்கிறவர்களுக்குத்தானே.

இது நானாகக் கேட்கும் சலுகையும் இல்லை. உலக மருத்துவச் சங்கம் 1964இல் ஹெல்சிங்கியில் வெளியிட்ட, மனிதரில் செய்யும் மருத்துவ ஆய்வுகளுக்கான நெறிமுறைப் பிரகடனத்தைப் பல தடவை திருத்தியிருக்கிறார்கள். பொதுவான முடிவுகளை அறிந்துகொள்ளும் வாய்ப்பை ஆய்வில் பங்குபற்றிய எல்லோருக்கும் கொடுக்க வேண்டும் என்று அதில் தெளிவாகவே இருக்கிறது. டெங்கு ஆய்வுக்கும் இது பொருந்தும். 2017இல் நாடு முழுக்க 186,101 பேருக்கு டெங்கு என்று பதிவான வருடம் எங்கள் மாவட்டத்துக் கிண்ணியா பட்ட பாட்டை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். எந்தத் தண்ணீரில் நுளம்புக் குடம்பி இருந்தது என்பது அறிக்கையில் மட்டும் இருந்தால் போதுமா? அந்த வளவுக்காரருக்குத் தெரிந்தால்தான் நுளம்பு குறையும்.

மருத்துவம் படிக்கிற பிள்ளைகளுக்கும் இதில் நன்மை இருக்கிறது. டொக்டர் சொல்வதில் 40 முதல் 80 வீதம் வரை நோயாளிக்கு உடனேயே மறந்துவிடுகிறது என்று 2003இல் வந்த ஒரு மருத்துவக் கட்டுரை சொல்கிறது. அப்படியென்றால் விளங்கும்படி சுருக்கமாகச் சொல்லப் பழகுவதும் படிப்புத்தான். தன் ஆய்வைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பக்கத்தில் எழுதி, அதே கிளினிக்குக்கு ஒரு காலையில் திரும்பி வந்து, மருந்துக்கு வரிசையில் நிற்கிறவர்களுக்கு வாசித்துக் காட்டினால், அவர்கள் கேட்கிற கேள்விகளிலேயே அந்த மாணவர் எவ்வளவோ படித்துவிடுவார். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் மட்டக்களப்பிலுள்ள சுகாதார பராமரிப்பு விஞ்ஞான பீடமும், அதன் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் படிப்பிக்கிறவர்களும் இதை யோசிக்க வேண்டும். ஆய்வுக்கு அனுமதி கொடுக்கும் நெறிமுறைக் குழுக்கள், முடிவை எப்போது, எந்த மொழியில், எந்தச் சுவரில் ஒட்டுவீர்கள் என்று விண்ணப்பத்திலேயே கேட்டு எழுதி வாங்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
உப்புவெளி, திருகோணமலை