மேற்குத் தாழ்வாரத்துக்குக் கண்ணாடி வேண்டாம்

குற்றாலம்,
வைகாசி 3

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். நீ அனுப்பிய வரைபடத்தை உன் சித்தி மகள் தாளில் அச்செடுத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். மூன்று நாளாக நடுக்கூடமான பட்டாசலில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சீசனுக்கு வருகிறவர்களுக்கு அறைகளை வாடகைக்கு விடலாம் என்கிறாய். தாராளமாக விடலாம். பூட்டியே வைத்திருந்தால் கரையான்தான் குடியேறும். குளியலறைகளை மாற்றவும் எனக்குச் சம்மதம். ஆனால் மேற்குத் தாழ்வாரத்தைக் கண்ணாடியால் அடைத்து ஏசி வைப்பதற்கும், ஓட்டைப் பிரித்துவிட்டுக் கான்கிரீட் போடுவதற்கும் என்னால் சம்மதிக்க முடியவில்லை, ஐயா. தொலைபேசியில் சொன்னால் நான் அழுதுவிடுவேன், நீயும் வருத்தப்படுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

ஊட்டி, கொடைக்கானல் போல இது உயரத்தில் இருக்கிற ஊர் இல்லை. கடல்மட்டத்திலிருந்து சுமார் 160 மீட்டர்தான். இங்கே குளிர்ச்சியைக் கொண்டுவருவது காற்று. ஆனியிலும் ஆடியிலும் தென்மேற்குப் பருவக்காற்று மழையின் பெரும்பகுதியை மலைக்கு அந்தப் பக்கம் கொட்டிவிட்டு, ஆரியங்காவுக் கணவாய் வழியாக நம் பக்கம் வருகிறது. அதில் மிஞ்சிய ஈரம்தான் சாரல். அதே நாளில் திருநெல்வேலி டவுனில் வெயில் சுட்டெரிக்கும். ஆகவே இந்த ஊரில் வீடு கட்டுகிறவர் காற்றை உள்ளே அழைக்க வேண்டும், தண்ணீரை வெளியே நிறுத்த வேண்டும். இரண்டும் ஒரே திசையிலிருந்து, ஒன்றாகவே வருகின்றன. இந்த வீட்டைக் கட்டிய என் பூட்டனார் அதற்கு என்ன செய்தார் என்று சொல்கிறேன்.

அடுத்த முறை வரும்போது மேற்குத் தாழ்வாரத்தின் தரையைக் குனிந்து பார். வெளி ஓரத்தில் இரண்டடி அகலத்துக்குக் கல் பாவியிருக்கிறது. அது வெளிப்பக்கமாக லேசாகச் சரிந்திருக்கும். அதற்கு உள்ளே ஆறடிக்குச் சிவப்புக் காவித் தரை. சிறுவயதில் நான் அதை அலங்காரம் என்றே நினைத்திருந்தேன். ஒரு ஆடி மாதம் ஆச்சி என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டினாள். எவ்வளவு பலமாகச் சாரல் அடித்தாலும் ஈரம் அந்தக் கல்லோடு நின்றுவிடுகிறது. கூரையின் கீழ் விளிம்பான இறவாணத்தை ஆள் தலை தட்டும் அளவுக்கு இறக்கியிருப்பது அதற்காகத்தான். காற்று அதன் அடியில் நுழைகிறது, துளிகள் கல்லில் விழுந்து வழிந்துவிடுகின்றன. சிவப்புத் தரை தொடங்கும் இடத்தில் ஆச்சி பாயை விரித்து வெற்றிலை போடுவாள். ஒருநாளும் பாய் நனைந்தது இல்லை. கல்லையும் காவியையும் பிரிக்கிற அந்தக் கோட்டை எங்கே போடுவது என்று தெரிந்துகொள்ள, ஒரு சீசன் முழுதும் கொட்டகை போட்டுத் தங்கி, சாரல் எதுவரை வருகிறது என்று பார்த்த பிறகே அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டினார்களாம்.

அந்தத் தாழ்வாரத்துக் காற்றுதான் வீடு முழுவதும் போகிறது. பட்டாசலின் உயரமான சுவரில், கைக்கு எட்டாத இடத்தில் சின்னச் சின்ன ஜன்னல்கள் இருக்கின்றனவே, சூடான காற்று அவற்றின் வழியே வெளியேறும். கீழே மேற்கிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். மேற்கை அடைத்துவிட்டால் ஈரம் உள்ளேயே தேங்கும். ஒரே சீசனில் தேக்குக் கதவுகளில் பூஞ்சை பிடிக்கும்.

வாசல் நிலையில் "கொல்லம் 1087 வைகாசி" என்று செதுக்கியிருப்பதை நீ பார்த்திருப்பாய். கொல்லம் ஆண்டுக் கணக்கு அது, ஆங்கில வருடத்தில் 1912. அதற்கு எட்டு வருடம் முன்னால், 1904இல்தான், செங்கோட்டையிலிருந்து மலையைக் குடைந்து புனலூர் வழியாகக் கொல்லத்துக்கு ரயில் ஓடத் தொடங்கியது. அதற்கு முன் திருநெல்வேலியிலிருந்து வில்வண்டியில் புறப்பட்டு, ஆலங்குளத்தில் இரவு தங்கி வருவார்களாம். ஊர் அப்போதும் வெறுமையாக இல்லை. கிழக்கிந்தியக் கும்பினிக் காலத்திலேயே இங்கே ஜாதிக்காய், கிராம்புத் தோட்டங்கள் போட்டார்கள், வெள்ளைக்கார அதிகாரிகள் சீசனுக்கு வந்து தங்கினார்கள், திருவாங்கூர் அரச குடும்பத்துக்கு அரண்மனையும் இருந்தது. ஆனால் நம்மைப் போன்ற குடும்பம் இப்படி ஒரு வீட்டை நினைத்துப் பார்க்க ரயில் வரவேண்டியிருந்தது. மங்களூர் ஓடு அதில்தான் தென்காசி வந்து இறங்கியது. பட்டாசலுக்குக் குறுக்கே போகிற இரும்பு உத்தரத்தின் பக்கவாட்டில் டார்மன் லாங், மிடில்ஸ்பரோ, இங்கிலாந்து என்று அதைச் செய்த கம்பெனியின் பெயர் இருக்கும். கடல் கடந்து வந்த அந்த உத்தரத்தின் மேல் பாவியிருப்பது நம் ஊர்ச் சூளைச் செங்கல்.

ஆசாரிமார் செங்கோட்டையிலிருந்து வந்தார்கள். செங்கோட்டை அப்போது திருவாங்கூர்ச் சமஸ்தானம், 1956இல்தான் நம்மோடு சேர்ந்தது. அதனால்தான் நம் வீட்டு முகப்பில் மலையாளச் சாயல். முக்கோண முகப்பை மரப்பின்னலால் அடைத்திருப்பது, தூண்களைத் தரையில் ஊன்றாமல் கல்பாதத்தின் மேல் நிறுத்தியிருப்பது எல்லாம் அவர்கள் கைவேலை. தரை ஈரம் மரத்தைத் தொடாததால் அந்த அயினி மரத் தூண்கள் இன்றைக்கும் அடியில் உளுக்கவில்லை.

வீட்டின் அமைப்பையும் கவனி. திருநெல்வேலித் தெருவில் நம் பழைய வீடு ரயில் பெட்டி போல நீளமானது: திண்ணை, தார்சா, பட்டாசல், அரங்கு, அடுக்களை, புறவாசல் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். இங்கே பூட்டனார் வெள்ளைக்காரர் பங்களா போலத் தோட்டத்தின் நடுவில் வீட்டை நிறுத்தி, சுற்றிலும் தாழ்வாரம் விட்டார். புகை வராமல் அடுக்களையைத் தனியாகக் கட்டி, ஓட்டுச் சார்ப்பால் இணைத்தார். ஆனால் அரங்குவீட்டை விட மனம் வரவில்லை. ஜன்னலே இல்லாத அந்த இருட்டறை, பங்களாவுக்குள் நம் தெரு வீட்டைக் கொண்டுவந்து வைத்தது போல இருக்கிறது. எனக்கு இந்த வீட்டில் மிகவும் பிடித்தது அந்தக் கலப்புதான். அவர் யாரையும் பார்த்து அப்படியே எழுதிக்கொள்ளவில்லை.

ஒரு தவறை உன்னிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். நீ எட்டாம் வகுப்பு படிக்கும்போது தெற்குச் சுவரில் காரை பெயர்ந்தது. ஒரு ஒப்பந்தக்காரர் சொன்னதைக் கேட்டு, நான்தான் சிமெண்ட் பூசச் சொன்னேன். பழைய சுவர் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது. மாடு பூட்டிய செக்கில் சுண்ணாம்பும் மணலும் அரைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீர் விட்டுக் குழைத்த சாந்து. மண்ணிலிருந்து ஏறுகிற ஈரம் அதன் வழியாக வெளியே காய்ந்துவிடும். சிமெண்ட் அந்த வழியை மூடிவிட்டது. ஈரம் மேலே மேலே ஏறி, நான்கே வருடத்தில் இடுப்பு உயரத்துக்கு உப்புப் பூத்தது. உன் தாத்தாவின் படம் மாட்டியிருந்த இடத்தில் செங்கல்லே மாவாக உதிர்ந்தது. போன கோடையில் கடையத்திலிருந்து வந்த வயதான கொத்தனார் ஒருவர் அந்தச் சிமெண்ட்டைக் கொத்தி எடுத்து, சுவரைப் பல மாதம் காயவிட்டு, பிறகு சுண்ணாம்பே பூசினார். கையை வைத்துப் பார்க்கிறேன், இப்போது உலர்ந்திருக்கிறது. அந்தச் சுவரின் தலையில் கான்கிரீட் பாரத்தை ஏற்றச் சொல்கிறாயே, எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

ஓடு ஒழுகுகிறது என்கிறாய், உண்மைதான். குற்றம் ஓட்டின் மேல் இல்லை. குரங்குகள் மிதித்து உடைக்கின்றன, நாம் வருடாவருடம் மாற்றாமல் விட்டோம். ஓட்டுக்கு ஓடு கொக்கி போலக் கோத்து, ரீப்பர் சட்டத்தில் சும்மா மாட்டியிருப்பதுதானே? உடைந்ததை மட்டும் எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றைச் செருகலாம்.

தெற்குப் பக்க அறைகள் இரண்டையும் விருந்தினருக்கு எடுத்துக்கொள். அங்கே ஏசி வேண்டுமானால் வைத்துக்கொள், ஆனால் சுவரைக் குடையாமல் ஜன்னல் வழியாக வை. மேற்குத் தாழ்வாரத்தில் நான்கு நாற்காலி போட்டால் போதும். வருகிறவர்கள் சாரலுக்காகத்தானே வருகிறார்கள்?

ஓடு மாற்றுகிறவர் வைகாசி 20 அன்று வருகிறார். தென்காசியில் இடித்த ஒரு வீட்டிலிருந்து பழைய ஓடு முந்நூறு கிடைத்தது, புறவாசலில் அடுக்கிவைத்திருக்கிறேன். முடிந்தால் ஆனி பிறந்ததும் நான்கு நாள் விடுப்பில் வா. உன் வரைபடத்தையும் ஒரு அளவு நாடாவையும் கொண்டுவா. அந்தக் கல்லின் அகலத்தை நீயே அளந்து பார்.

அன்புடன்,
அம்மா