சீ ஹாக்கை ஒரே வரியில் தள்ளலாமா?

ஆசிரியருக்கு,

வணக்கம். 1971 இந்திய-பாகிஸ்தான் போர் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். விசாகப்பட்டினத்துக்கு வெளியே பாகிஸ்தானின் காஜி நீர்மூழ்கி மூழ்கிய கதைக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கும் கட்டுரையாளர், நம் விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்தின் போர் விமானங்களை மட்டும் ‘காலாவதியான சீ ஹாக்குகள்’ என்று ஒரே வரியில் தள்ளிவிட்டார். அங்கேதான் எனக்கு அவரோடு வழக்கு.

சீ ஹாக் பழையது என்பதில் தகராறில்லை. அதன் முன்மாதிரி முதலில் பறந்தது 1947-இல். ரேடார் கிடையாது, ஒலியின் வேகத்தை எட்டாது. பாகிஸ்தானின் சேபர் போர் விமானத்தோடு வானில் மோத நேர்ந்திருந்தால் திண்டாட்டம்தான். ஆனால் அதை அனுப்பியது வானில் மல்லுக்கட்டுவதற்கா? கப்பலிலிருந்து கிளம்பி, தாழப் பறந்து, ஓடுபாதையையும் துறைமுகத்தையும் நிற்கிற கப்பல்களையும் அடித்துவிட்டுத் திரும்புவதுதான் தாக்குதல் விமானத்தின் வேலை. மூக்கில் நான்கு 20 மி.மீ. பீரங்கிகள், இறக்கைக்கு அடியில் குண்டுகளோ ராக்கெட்டுகளோ என்று அந்த வேலைக்குத் தேவையானது அதனிடம் இருந்தது.

அதன் வாலைப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும்: எஞ்சினின் வெப்பக்காற்று அங்கே வெளியேறாது. இரண்டாகப் பிரிந்து, இறக்கை உடலோடு சேருமிடத்தில் இருபுறமும் வெளியேறிவிடும். அதனால் பின்னுடலிலும் எரிபொருள் வைக்க இடம் கிடைத்தது. கீழே கடல் தவிர வேறொன்றும் இல்லாதபோது, அந்த உபரி எரிபொருளின் அருமை விமானிக்குத்தான் தெரியும்.

டிசம்பர் 4 காலை எட்டு சீ ஹாக்குகள் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின், அதாவது இன்றைய வங்கதேசத்தின், காக்ஸ் பஜார் விமான நிலையத்தைத் தாக்கின. அடுத்து சிட்டகாங், பின்னர் குல்னா, மோங்லா. இரவுத் தாக்குதலுக்கு விக்ராந்தில் இருந்த இன்னொரு வகையான அலிசே விமானங்கள் போயின. இத்தனையும் நடந்தபோது விக்ராந்தின் கொதிகலன் ஒன்றில் விரிசல். கப்பலால் முழு வேகத்தில் ஓட முடியவில்லை. காற்றை எதிர்த்துக் கப்பல் விரைந்தால்தான் தளத்தின் மேல் விமானம் ஏறவும் இறங்கவும் போதிய காற்று கிடைக்கும். அப்படி ஒரு குறையோடு இருந்த கப்பலுக்கு, நீராவிக் கவண் இழுத்து வீசியதும் எழும்பிவிடுகிற சிறிய விமானமே தோது. அதைவிடக் கனமான, ‘நவீனமான’ ஒன்று அன்று தளத்திலேயே நின்றிருக்கும் என்பது என் கணிப்பு.

ஒன்றை மறைக்கக் கூடாது. கிழக்குப் பாகிஸ்தானில் அவர்களுக்கு இருந்தது ஒரே ஒரு சேபர் படைப்பிரிவு. டாக்காவின் தேஜ்கான் ஓடுபாதையை நம் விமானப்படை குண்டு வீசிப் பிளந்ததில், அதுவும் சில நாட்களிலேயே தரையில் முடங்கியது. சீ ஹாக்குகள் தடையின்றிப் போய்வந்ததில் அதற்கும் பங்குண்டு. இதே விமானங்களைக் கராச்சிப் பக்கம் அனுப்பியிருந்தால் கதை வேறு.

கட்டுரையோடு வந்த படமும் தவறு. அதில் இருப்பது சீ ஹாரியர் என்ற வேறொரு விமானம். நம் கடற்படைக்கு அது வந்ததே 1983-இல். படத்தில் கப்பலின் முன்தளம் மேல்நோக்கி வளைந்திருப்பதும் பிற்காலத்து மாற்றம். 1971-இல் விக்ராந்தின் தளம் தட்டையாகத்தான் இருந்தது.

பெட்டிச் செய்தியில் இந்தக் காலத்துக் கடற்படைப் போர் விமானங்களான மிக்-29கே, ரஃபேல் எம் இரண்டின் வேகத்தையும் சீ ஹாக்கோடு ஒப்பிட்டிருக்கிறீர்கள். வான்சண்டை, தாக்குதல் இரண்டுக்கும் சேர்த்தே செய்யப்பட்டவை அவை. ஒப்பிடுவதென்றால், எவ்வளவு குண்டைச் சுமந்து எவ்வளவு தூரம் போய்த் திரும்பும் என்ற கணக்கையும் போட வேண்டாமா? அதே பெயரில் வந்திருக்கும் இன்றைய புதிய விக்ராந்தில் கவண் கிடையாது. வளைந்த முன்தளத்தில் சொந்த எஞ்சின் பலத்தில் ஓடித்தான் விமானம் எழும்ப வேண்டும். அதனால் சுமையில் எவ்வளவு குறைக்க வேண்டியிருக்கிறது என்று யாராவது விவரமாக எழுதினால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
தூத்துக்குடி