எடை பார்க்கும் நாள் ஒன்று போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆண்டு முடியும் தறுவாயில் தொழில்முறைக் குத்துச்சண்டையின் உலக அமைப்புகள் சில கூடிப் பேசி, வரும் ஆண்டில் எதைச் செய்வது என்று முடிவெடுப்பது வழக்கம். 1963இல் மெக்சிகோவில் தொடங்கப்பட்டு இன்று டபிள்யூ.பி.சி. என்று நாம் அறிந்திருக்கும் உலகக் குத்துச்சண்டை மன்றத்திடம் ஊக்கமருந்துச் சோதனை, பெண்கள் குத்துச்சண்டை, அறப்பணி என்று நல்ல திட்டங்கள் பல உண்டு. அவற்றில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால், அடுத்த ஆண்டுக்கு ஒரே ஓர் இலக்குதான் என்றால், எடைக் கட்டுப்பாட்டை அடிமட்டச் சண்டைகள் வரை கொண்டுவருவதையே நான் கேட்பேன். அதற்குக் காரணம் என் தங்கை மகன்.

சில ஆண்டுகளுக்கு முன் கோலாலம்பூரில் ஒரு சிறிய மண்டபத்தில் ஆறு சுற்றுச் சண்டைக்கு அவன் ஒப்புக்கொண்டான். 61.2 கிலோவைத் தாண்டக் கூடாத எடைப் பிரிவு. இரண்டு வாரத்துக்கு முன்புகூட அவன் 69 கிலோ. எடை பார்க்கும் நாளன்று மத்தியானம், வெயிலில் நிறுத்திய காரின் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, பிளாஸ்டிக் உடைக்குள் உட்கார்ந்துகொண்டு, எச்சில் ஊறுவதற்காக அசாம்போய் (உப்பிட்ட புளிப்புப் பழ வற்றல்) ஒன்றை வாயில் அடக்கி, ஊறியதையெல்லாம் ஒரு போத்தலில் துப்பிக்கொண்டிருந்தான். போத்தலில் கால் பங்கு நிறைந்திருந்தது. அதைப் பார்த்த ஏற்பாட்டாளர் சிரித்துக்கொண்டே தோளைத் தட்டிவிட்டுப் போனார். எடை சரியாக வந்தது. எல்லோரும் கைதட்டினோம், நானும்தான். மறுநாள் புள்ளிகளில் வென்றான். வீடு திரும்பும் வழியில், ஜாலான் ஈப்போ விளக்கில் நிற்கும்போது, "மாமா, எத்தனாவது ரவுண்டு முடிஞ்சிருக்கு?" என்று கேட்டான். செந்தூல் வந்து சேர்வதற்குள் அதையே மூன்று முறை கேட்டான். மருத்துவமனையில் ஓரிரவு வைத்திருந்து அனுப்பினார்கள். காப்புறுதி பற்றி விசாரித்தபோது ஏற்பாட்டாளரின் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. அவன் நன்றாகத்தான் இருக்கிறான், ஆனால் கையுறையை அதன்பின் தொடவில்லை.

உடலில் நீர் வற்றிய நிலையில் தலையில் அடி வாங்கினால் மூளையைச் சூழ்ந்த இரத்தக் குழாய்கள் எளிதில் கிழியக்கூடும் என்று மருத்துவர்கள் வெகுகாலமாக எச்சரித்து வருகிறார்கள். தராசை விட்டு இறங்கியதும் குடிக்கும் தண்ணீர் எடையைத் திரும்ப ஏற்றிவிடும். இழந்த அனைத்தையும் ஒரே இரவில் ஈடுகட்டிவிடாது. 1982 நவம்பரில் லாஸ் வேகாஸில் ரே மன்சினியுடன் இதே 61.2 கிலோ பிரிவில் மோதிய தென்கொரியாவின் கிம் டுக் கூ 14ஆவது சுற்றில் விழுந்து, சில நாட்களில் இறந்தார். அது டபிள்யூ.பி.ஏ. என்னும் மற்றோர் உலக அமைப்பின் பட்டத்துக்கான சண்டை. ஆனாலும், பட்டச் சண்டைகளை 15 சுற்றிலிருந்து 12ஆக முதலில் குறைத்தது அதற்குப் போட்டியான டபிள்யூ.பி.சி.தான். மற்றவர்கள் அந்த வழிக்கு வர மேலும் சில ஆண்டுகள் பிடித்தன. 1975இல் நம் மெர்டேக்கா அரங்கத்தில் முகமது அலியும் ஜோ பக்னரும் 15 சுற்றும் நின்று சண்டையிட்டதை, அப்பாவுடன் போய்ப் பார்த்த சிறுவன் என்ற முறையில், இன்றும் பெருமையாகச் சொல்பவன் நான். அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக அதைக் காலை வெயிலில் நடத்தினார்கள் என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது.

சுற்றுகளைக் குறைப்பது மட்டும் போதவில்லை. 2025 ஆகஸ்டு 2ஆம் தேதி தோக்கியோவின் கொராகுவென் மண்டபத்தில் ஒரே நாளில் சண்டையிட்ட இரு ஜப்பானிய வீரர்கள் மூளையில் ஏற்பட்ட இரத்தக் கசிவால் அடுத்தடுத்து உயிரிழந்தார்கள்.

இவ்வளவுக்கும் விதி இல்லாமல் இல்லை. டபிள்யூ.பி.சி. பட்டச் சண்டைக்கு 30 நாள் முன்பு வீரரின் எடை பிரிவின் வரம்பைவிட 10 விழுக்காட்டுக்கு மேல் கூடியிருக்கக் கூடாது; 7 நாள் முன்பு 5 விழுக்காட்டுக்கு மேல் கூடாது. என் தங்கை மகனுக்கு இந்தக் கணக்கைப் போட்டிருந்தால் 30ஆம் நாளிலேயே 67.3 கிலோவுக்குள் இருந்திருக்க வேண்டும். 14ஆம் நாளில் 69 கிலோ இருந்தவனைச் சண்டைக்கே விட்டிருக்க மாட்டார்கள். பெரிய பட்டம், பெரிய பணம் என்றால் காவல் இருக்கிறது. சில நூறு வெள்ளிக்குக் கையெழுத்திடும் பையனுக்கு இல்லை. நான்கு உலக அமைப்புகள், ஆளுக்குக் குறைந்தது 17 எடைப் பிரிவுகள் என்று உலகப் பட்டத்துக்கான இடைவார் 68க்கு மேல் பெருகிக் கிடக்கும்போது, புதிய பட்டங்களை உருவாக்கும் உழைப்பில் கொஞ்சத்தை இதற்குத் திருப்பினால் என்ன குறைந்துவிடும்?

நம் நாட்டில் நடக்கும் ஒவ்வொரு தொழில்முறைச் சண்டைக்கும், அது நான்கு சுற்றே ஆனாலும், 30ஆம் நாள் எடையும் 7ஆம் நாள் எடையும் பதிவாக வேண்டும். பதிவு இல்லாத சண்டைக்கு அனுமதி கிடைக்கக் கூடாது. வீரர் தராசில் நிற்பதைக் கைப்பேசியில் காணொளியாக எடுத்து அனுப்புவதற்குச் செலவும் இல்லை. 1997ஆம் ஆண்டு விளையாட்டு மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் விளையாட்டு ஆணையர் அலுவலகம் இதைக் கேட்டுப் பெறலாம். உலக அமைப்புகளும் தங்கள் பெயர் பதித்த வட்டாரப் பட்டங்களை இங்கே மோதவிடும் ஏற்பாட்டாளர்களிடம், அதே மேடையில் நடக்கும் எல்லாச் சண்டைகளுக்கும் இந்தப் பதிவையும் காப்புறுதிச் சான்றையும் முன்கூட்டியே கேட்கலாம். பிள்ளையைக் குத்துச்சண்டைப் பயிற்சிக்கு அனுப்பும் நம் பெற்றோர், ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் அந்தச் சான்றின் நகலைக் கையில் வாங்கிக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
செந்தூல், கோலாலம்பூர்