சென்னையின் 200 வார்டு எல்லைகளையும் தரவாக வெளியிடுங்கள்: மாநகராட்சிக்கு ஒரு திறந்த மடல்

பெருநகர சென்னை மாநகராட்சியின் மேயர், ஆணையர், மண்டல அலுவலர்கள், புவித்தகவல் பிரிவினர் அனைவருக்கும்,

வணக்கம்.

நகர வரைபடத் தரவோடு அன்றாடம் புழங்குகிறவர்கள் நாங்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறோம். 200 வார்டுகள், 15 மண்டலங்கள், மாநகராட்சியின் வெளி எல்லை ஆகியவற்றை மாநகராட்சியே பொறுப்பேற்கும் கணினிக் கோப்புகளாக, தேதியும் பதிப்பு எண்ணும் இட்டு, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி வெளியிடுங்கள். பழைய எல்லைகளையும் அழிக்காமல் பக்கத்திலேயே வைத்திருங்கள்.

வார்டு வரைபடம்தான் படமாகவும் பி.டி.எஃப்-ஆகவும் இருக்கிறதே என்று தோன்றலாம். கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள அது போதும். ஒரு வீடு எந்த வார்டில் இருக்கிறது என்று கணினியிடம் கேட்க அது உதவாது. அதற்கு யாராவது அந்தப் படத்தைப் புவியிடத்தோடு பொருத்தி, கோட்டின் மேல் கோடு வரைந்து எடுக்கவேண்டும். தவறு நுழையும் இடம் அதுதான். 1:10,000 அளவில் அச்சான வரைபடத்தில் ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள கோடு தரையில் 10 மீட்டர். 1:25,000 அளவில் 25 மீட்டர். மண்ணடி, ஜார்ஜ் டவுன் போல வீடும் கடையும் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் தெருக்களில் அந்தக் கோட்டின் தடிமனுக்குள்ளேயே சில கதவு எண்கள் அடங்கிவிடும். பொருத்தும்போது நான்கு மூலைக்கும் பரவலாகப் புள்ளி வைக்காமல் ஒரே பக்கமாக வைத்துவிட்டால், மறுகோடியில் படம் நழுவும். இப்படிப் பத்துப் பேர் வரைந்தால் பத்துச் சென்னை கிடைக்கும். எது சரி என்று சொல்லும் அதிகாரம் அவர்களில் யாருக்கும் இல்லை. உங்களுக்குத்தான் இருக்கிறது.

சட்டப்படி எல்லை என்பது அரசிதழில் வரும் சொற்கள்: வடக்கே இந்தச் சாலை, கிழக்கே இந்த ரயில்பாதை, தெற்கே கால்வாய் என்ற விவரிப்பு. அந்தச் சொற்களைக் கோடாக்கும்போது முதலில் எழும் கேள்வி, சாலை என்றால் சாலையின் எந்த இடம் என்பது. மையக்கோடா, வலது ஓரமா, இடது ஓரமா? 30 மீட்டர் அகலச் சாலையை ஒரு வார்டுக்கு இந்த ஓரத்திலும் அடுத்த வார்டுக்கு அந்த ஓரத்திலும் வரைந்துவிட்டால், சாலை முழுவதும் யாருக்கும் சேராத நிலமாகிவிடும். அந்தச் சாலையில் இருக்கும் பள்ளமும் எரியாத தெருவிளக்கும் எந்த வார்டின் பலகோணத்துக்குள்ளும் (கணினியில் வார்டைக் காட்டும் மூடிய வடிவம்) விழாது. மாநகராட்சியின் புகார் தொலைபேசி எண்ணான 1913-க்கு வரும் புகாரை இருப்பிடத்தை வைத்துப் பிரித்து அனுப்பும் எந்த மென்பொருளும் இங்கே தடுமாறும். கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய் ஆகியவற்றை ஒட்டிய எல்லைக்கும் இதே கேள்விதான். நீரோட்டத்தின் நடுவா, கரையா? ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்ட இடத்தில் அள்ளும் பொறுப்பு யாருடையது என்பது அந்த விடையைப் பொறுத்தது. கடலோர வார்டுகளில் மணல் எதுவரை என்பதும் அப்படித்தான். நியூயார்க் நகரம் தன் மன்ற மாவட்டங்களைக் கரையோடு வெட்டிய பதிப்பாகவும் நீர்ப்பரப்பைச் சேர்த்த பதிப்பாகவும் தனித்தனியே தருகிறது. நாமும் திருவொற்றியூர் முதல் சோழிங்கநல்லூர் வரையுள்ள கடலோர வார்டுகளுக்கு அப்படியே செய்யலாம்.

ஆகவே முதலில் விதியை எழுதுங்கள். சாலையும் தண்டவாளமும் எல்லையானால் மையக்கோடு, நீர்நிலையானால் இன்னது, மனை எல்லையானால் நில அளவைப் பதிவேடு என்று ஒரே பக்கத்தில் எழுதிக் கோப்போடு சேர்த்து வெளியிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அடுத்து, கோடுகள் பகிரப்படவேண்டும். 1-ஆம் வார்டும் 2-ஆம் வார்டும் ஒட்டுகிற இடத்தில் இரண்டு கோடு இருக்கக்கூடாது. ஒரே புள்ளிகள் இரண்டிலும் வரவேண்டும். தனித்தனியே வரைந்த பலகோணங்களுக்கு இடையே நூலளவு இடைவெளியும் மேற்பொருத்தமும் விழும். திரையில் தெரியாத அவை கணக்குப் பார்க்கும்போது ஒரே வீட்டை இரண்டு வார்டில் காட்டும், அல்லது எதிலுமே காட்டாது. கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் இதைச் சோதிக்கும் கருவி இலவசமாகவே இருக்கிறது. கோப்பைச் சிறிதாக்க வார்டு வார்டாகப் புள்ளிகளைக் குறைத்தாலும் இதே கோளாறு வரும். பகிர்ந்த கோட்டை ஒரே தடவை எளிமையாக்கும் முறையில்தான் குறைக்கவேண்டும். முழுத் துல்லியத்தில் ஒரு கோப்பு, இணையதளத்தில் வேகமாகத் திறக்க எளிமையாக்கிய ஒரு கோப்பு என இரண்டு தந்தால் போதும். எளிமையாக்கியதை வைத்து வீட்டின் வார்டைத் தீர்மானிக்கக்கூடாது என்ற எச்சரிக்கை அதன் பெயரிலேயே இருக்கட்டும்.

வெளி எல்லைக்கும் இது பொருந்தும். ஆவடி 2019-லும் தாம்பரம் 2021-லும் மாநகராட்சிகளாயின. சென்னையின் கோடும் அவர்களின் கோடும் ஒட்டுகிற இடமெல்லாம் ஒன்றாக இருக்கவேண்டும். ஒருவர் வரைந்ததை மற்றவர் அப்படியே எடுத்துக்கொள்வதே நல்லது. பரங்கிமலை–பல்லாவரம் கன்டோன்மென்ட் போல, உண்மையாகவே வேறு நிர்வாகத்தில் உள்ள நிலமும் உண்டு. அதை வெற்றிடமாக விட்டால் பிழையென்று நினைத்து யாராவது நிரப்பிவிடுவார்கள். “மாநகராட்சிக்கு வெளியே” என்று குறித்த தனிப் பலகோணமாக அதைத் தாருங்கள்.

கோப்பின் வடிவத்தில்தான் அதிகத் தொல்லை. அலுவலகங்களில் பழகிப்போன ஷேப்ஃபைல் என்ற வரைபடக் கோப்பு வடிவில் அட்டவணைப் பத்தியின் பெயர் 10 பைட்டுக்கு மேல் போகாது. தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் யூனிகோடில் 3 பைட் என்பதால், தமிழில் பத்திப் பெயர் வைத்தால் மூன்று குறிகளோடு அறுந்துவிடும். எழுத்து இடும் ஒரு பத்தியின், அதாவது உரைப் புலத்தின், உச்ச அளவு 254 பைட். அதில் தமிழ்க் குறிகள் 84 தான் கொள்ளும். கூடவே வரும் சிறு துணைக்கோப்பில் எழுத்துக் குறியாக்கம் குறிக்கப்படாவிட்டால் ‘தேனாம்பேட்டை’ கேள்விக்குறிகளாக வந்து விழும். அளவைக் குறிப்புக் கோப்பு விடுபட்டால் அது எந்த ஆயத்தொலைவு முறை என்றே தெரியாது. பூமியின் வடிவத்துக்கான பழைய கணக்கான எவரெஸ்ட் நீள்கோளத்தில் அமைந்த பழைய நில வரைபட எண்களை, ஜி.பி.எஸ் பயன்படுத்தும் டபிள்யூ.ஜி.எஸ் 84 முறை என்று எண்ணித் திறந்தால் சென்னை சுமார் 200 மீட்டர் நகர்ந்துவிடும். தெருவே மாறிப்போகிற தூரம் அது.

கே.எம்.எல் என்ற இன்னொரு வடிவக் கோப்பு கைப்பேசியில் திறக்க வசதிதான். ஆனால் பல கே.எம்.எல்-களில் வார்டு எண் தனிப் புலமாக இருக்காது. தட்டினால் விரியும் விளக்கப் பெட்டிக்குள் அட்டவணையாகப் புதைந்து கிடக்கும். அதைப் பிரித்தெடுக்கவே தனி வேலை. எங்கள் பரிந்துரை: மூலக்கோப்பு ஜியோபேக்கேஜ் வடிவில், இணையத்துக்கு ஜியோஜேசான் வடிவில். ஜியோஜேசானில் தீர்க்கரேகை முதலில், அட்சரேகை பிறகு. இதை மாற்றிப் போட்டால் சென்னை ஆர்க்டிக்கில் ஸ்வால்பார்டு தீவுகளுக்குப் பக்கத்தில் போய் நிற்கும். தசமத்துக்குப் பின் ஆறு இலக்கம் போதும். அதுவே சுமார் 11 சென்டிமீட்டர். நான்கு இலக்கமாகக் குறைத்தால் 11 மீட்டர் ஆகிவிடும், சந்து தாண்டிவிடும்.

வெளியிடுவதற்கு முன் செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்று உண்டு. 200 பலகோணங்களின் பரப்பையும் கூட்டுங்கள். ஏறக்குறைய 426 சதுர கிலோமீட்டர் வரவேண்டும். கணக்கை, மீட்டரில் அளக்கும் யு.டி.எம் 44 வடக்கு என்ற ஆயத்தொலைவு முறையில் செய்யவேண்டும். இணைய வரைபடங்கள் பயன்படுத்தும் மெர்கேட்டர் முறையில் அப்படியே கணக்கிட்டால் சென்னையின் அட்சரேகையில் 5 சதவீதத்துக்கு மேல் ஊதி, 449 என்று காட்டும். வார்டு வாரியாக மரங்களையோ குப்பைத் தொட்டிகளையோ சதுர கிலோமீட்டருக்கு இத்தனை என்று கணக்கிடும் அறிக்கைகளில் இந்த ஊதல் யாருக்கும் தெரியாமல் புகுந்துவிடக்கூடியது.

புலங்கள் அதிகம் வேண்டாம். வார்டு எண், மண்டல எண், பெயர்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும், மத்திய அரசின் உள்ளாட்சிக் கோப்பகக் குறியீடு, அரசிதழ் அறிவிக்கையின் எண்ணும் தேதியும், நடைமுறைக்கு வந்த தேதி, முடிந்த தேதி, பதிப்பு. இவ்வளவு போதும். வார்டு எண்ணை ‘007’ என எழுத்தாக வைப்பதா 7 என எண்ணாக வைப்பதா என்று ஒருமுறை முடிவெடுத்து எல்லாத் துறைக்கும் அதையே சொல்லுங்கள். இரண்டும் கலந்தால் அட்டவணைகள் ஒட்டாது. மண்டல எண்ணை வார்டு எண்ணின் வரிசையை வைத்து ஊகிக்க விடாதீர்கள். பெருங்குடி மண்டலத்தில் 183 முதல் 191 வரையோடு 168, 169 வார்டுகளும் இருக்கின்றன. இடையிலுள்ள 170 முதல் 182 வரை அடையாறு. பெயர்களை வைத்து இணைப்பதும் ஆகாது. ‘திரு.வி.க. நகர்’ ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதப்படுகிறது என்பது உங்கள் கோப்புகளைப் பார்த்தாலே தெரியும்.

இனி, நாங்கள் மிக முக்கியமாகக் கருதுவது: காலம்.

2011 அக்டோபரில் 9 நகராட்சிகள், 8 பேரூராட்சிகள், 25 ஊராட்சிகள் என 42 உள்ளாட்சிகள் இணைந்து, 174 சதுர கிலோமீட்டராக இருந்த மாநகராட்சி 426 ஆனது. பழைய நகரின் 155 வார்டுகள் 107 ஆகச் சுருங்கின. சேர்ந்த பகுதிகளுக்கு 93 வார்டுகள் வந்தன. எண்களும் தலைகீழாயின. இன்றைய 10-ஆம் வார்டு திருவொற்றியூர் மண்டலத்தில் இருக்கிறது. 2011-க்கு முந்தைய 10-ஆம் வார்டு இருந்த காலத்தில் திருவொற்றியூர் தனி நகராட்சி. ஆண்டு குறிக்காமல் “வார்டு 10” என்று இருக்கும் ஒரு பழைய பதிவேடு, எந்த ஊரைச் சொல்கிறது என்பதைக்கூடச் சொல்லாது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அந்த ஆண்டு பிப்ரவரியில், இணைப்புக்கு எட்டு மாதம் முன்பே நடந்துவிட்டது. எனவே அதன் வார்டு அட்டவணைகள் பழைய 155 வார்டுகளுக்கும், தனித்தனி உள்ளாட்சிகளின் வார்டுகளுக்கும் உரியவை. அவற்றை இன்றைய 200-இல் ஏற்றப் பலரும் பரப்பளவு விகிதத்தில் பங்கிடுகிறார்கள். நெருக்கமான பகுதியில் அது ஓரளவு பொருந்தும். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் போல ஆளில்லாப் பரப்பு உள்ள வார்டில் தண்ணீருக்கும் கோரைக்கும் மக்கள்தொகை கொடுத்ததாகிவிடும். சரியான வழி, கணக்கெடுப்புத் தொகுதி வாரியாகவோ தெரு வாரியாகவோ பழைய வார்டையும் புதிய வார்டையும் இணைக்கும் ஒரு பட்டியல். வார்டு மறுவரையறை 2011 மக்கள்தொகையை வைத்தே செய்யப்பட்டது என்பதால், அந்தப் பங்கீட்டை ஏற்கெனவே ஒருமுறை அரசு அலுவலர்கள் செய்திருக்கிறார்கள். புதிதாகச் செய்யவேண்டியதில்லை, செய்ததை வெளியிட்டால் போதும்.

2018 டிசம்பரில் மறுவரையறை அறிவிக்கப்பட்டு, 2022 பிப்ரவரி 19 தேர்தல் அதன்படி நடந்தது. அப்போதும் எண்ணிக்கை 200 தான். எண் மாறவில்லை என்பதால் கோடும் மாறவில்லை என்று கோப்பை எடுப்பவர் நினைத்துக்கொள்வார். 2011-இன் 200 ஒரு கோப்பு, 2018-இன் 200 வேறொரு கோப்பு என்று பெயரிலேயே ஆண்டு இருக்கவேண்டியது இதனால்தான். மண்டலங்களை 20 ஆக்கும் முன்மொழிவும் எழுந்திருக்கிறது. நடைமுறைக்கு வரும் நாளிலேயே புதிய கோப்பும், எந்த வார்டு எந்த மண்டலத்திலிருந்து எதற்குப் போனது என்ற பட்டியலும் சேர்ந்து வரட்டும். சொத்துவரி ரசீதில் மண்டல எண், டிவிஷன் (வார்டு) எண், பில் எண், துணை எண் என்ற நான்கும் சேர்ந்ததுதான் ஒரு வீட்டின் அடையாளம். அதில் முதல் இரண்டும் எல்லையோடு மாறக்கூடியவை என்பதை நினைவில் வையுங்கள்.

சட்டத் தடை ஏதும் இல்லை. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2021 பிப்ரவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல்களும், 2022 தேசிய புவிசார் கொள்கையும் பொதுப்பணத்தில் உருவான தரவு எளிதாகக் கிடைக்கவேண்டும் என்கின்றன. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் 4-ஆம் பிரிவு, கேட்காமலே வெளியிடுவதை உங்கள் கடமையாக்குகிறது. உரிமத்துக்கும் புதிதாக எழுதத் தேவையில்லை. 2017-இல் வந்த இந்திய அரசின் திறந்த தரவு உரிமம் இருக்கிறது. அதன் பெயரைக் கோப்பில் ஒரு வரி குறித்தால் போதும். உரிமம் குறிக்காத கோப்பைக் கல்லூரி மாணவர் பயன்படுத்துவார். பாடநூலோ செயலியோ பயன்படுத்தத் தயங்கும்.

பிழை வரும். வந்தால் எங்கே சொல்வது என்று ஒரு மின்னஞ்சல் முகவரியும், திருத்தியவற்றின் பட்டியலும் அதே பக்கத்தில் வேண்டும். “பதிப்பு 1.1: இன்ன இரு வார்டுகளுக்கு இடையே இன்ன தெருவில் கோடு மையத்துக்கு நகர்த்தப்பட்டது” என்ற ஒரு வரி, கோப்பைச் சத்தமில்லாமல் மாற்றிவிடுவதைவிட எவ்வளவோ மேல். பிழை சரிசெய்ததும் எல்லை சட்டப்படி மாறியதும் வேறு வேறு. இரண்டையும் ஒரே பெயரில் எழுதாதீர்கள்.

குடிநீர் வாரியத்தின் டெப்போக்கள், காவல் நிலைய எல்லைகள், மின்வாரியப் பிரிவுகள், சட்டமன்றத் தொகுதிகள் எல்லாம் இதன்மேல் அடுக்கப்படவேண்டியவை. அவை உங்கள் கையில் இல்லை. வார்டுக் கோப்பு வந்துவிட்டால் அந்தந்தத் துறையிடம் கேட்பதும் எங்களுக்கு எளிது. வார்டுக்குள் அமைந்த பகுதி சபைகளின் எல்லை மட்டும் உங்களுடையது. அடுத்த கட்டத்தில் அதையும் எதிர்பார்க்கிறோம்.

எல்லாம் ஒரே நாளில் வேண்டாம். தற்போது நடைமுறையிலுள்ள 200 வார்டுகளின் கோப்பு, எல்லை விதிகள் எழுதிய ஒரு பக்கம், உரிம வரி ஆகிய மூன்றும் முதலில் வரட்டும். 2011 எல்லையும் 155 வார்டுகளின் பழைய எல்லையும் இரண்டாவதாக வரட்டும். பழையதை–புதியதை இணைக்கும் பட்டியலுக்குத் தெரு வாரியாகச் சரிபார்க்கும் வேலை இருக்கிறது. அதற்கு ஆள் தேவைப்பட்டால், மண்டலம் மண்டலமாக உங்கள் அலுவலர்களோடு உட்கார்ந்து சரிபார்க்க நாங்கள் தயார்.

இப்படிக்கு,
சென்னையின் வரைபடத் தரவோடு வேலை செய்கிறவர்கள்